நல்லார்போரைத் தனியாகக் கடக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

சென்ற வாரம் சுங்கை சிப்புட்டில் எங்கள் ஒட்டுக்கடை மேசையில் இரண்டு தம்பிகள் ஆஸ்திரேலிய வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள். ஒருவன் பெர்த்தில் பழைய மோட்டார் வாங்கி, நல்லார்போர் என்ற மரமில்லாச் சமவெளி வழியாகக் கிழக்கே தனியாகப் போகப் போகிறான். "அண்ணே, டேங்க் நிரப்பினா 400 கிலோமீட்டர் தாராளமா ஓடும்" என்றான். எனக்குப் பகீரென்றது. எண்தான் வேறு, அதே வழியில் நான் தனியாகப் போனபோது போட்ட கணக்கும் இதேதான்.

ஹெல்மெட், லைசென்ஸ், டயர் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

வீட்டில் போட்ட எண்ணெய்க் கணக்கு

இங்கே செம்பனைத் தோட்டத்துச் சாலையில், பெட்டி படுக்கை இல்லாமல், 80இல் ஓட்டிப் பார்த்தபோது லிட்டருக்கு 27 கிலோமீட்டர் கிடைத்தது. அங்கே வாங்கிய மோட்டாரும் அதே ரகம், 17 லிட்டர் டேங்க். 450ஐத் தாண்டும் என்று நம்பினேன். நல்லார்போரைக் கடக்கும் ஐர் நெடுஞ்சாலையில், பம்பும் தங்குமிடமும் சேர்ந்த ரோட்ஹவுஸ்களில்தான் எண்ணெய், விலையும் அதிகம். அந்தக் காசை மிச்சப்படுத்த, மதுரா ரோட்ஹவுஸில் நிரப்பிவிட்டு, அடுத்தடுத்து வரும் முண்ட்ரபில்லா, யூக்லா, பார்டர் வில்லேஜ் மூன்றிலும் நிற்காமல் போனேன். பார்டர் வில்லேஜுக்கு அப்புறம் நல்லார்போர் ரோட்ஹவுஸ் வரை 180 கிலோமீட்டருக்கு மேல் பம்பே கிடையாது. அன்று முழுக்கக் கிழக்குக் காற்று நெஞ்சில் அடித்தது.

காற்று செய்யும் வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். நீங்கள் 100இல் போகிறீர்கள், எதிர்காற்று 30 என்றால், காற்றைப் பொறுத்தவரை உங்கள் வேகம் 130. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 1.3ஐ 1.3ஆல் பெருக்கினால் 1.69. காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் ஏறக்குறைய 70 விழுக்காடு கூடுதல் உழைப்பு. இரண்டு பக்கமும் பெட்டி தொங்கினால் காற்று பிடிக்க இன்னும் இடம். எனக்கு அன்று லிட்டருக்கு 19தான் கிடைத்தது.

ரோட்ஹவுஸுக்கு இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போது இன்ஜின் இருமி நின்றது. மோட்டாரை இடப்பக்கம் சாய்த்தேன். டேங்க்கின் ஒரு மூலையில் கிடந்தது மறுமூலைக்குச் சளக்கென்று ஓடியது. அதில் இன்னும் கொஞ்ச தூரம் நகர்ந்தேன். பிறகு மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், அடித்தகடு காய்ந்து மின்னியது. சுற்றிலும் முழங்கால் உயரப் புதர். போனில் ஒரு கோடுகூட இல்லை. இருட்டும் நேரத்தில் கேரவனில் வந்த வயதான தம்பதி 5 லிட்டர் ஊற்றிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. இருட்டில் ஓட்டப் பயந்து அன்றிரவு சாலையோரத்திலேயே படுத்தேன். முன்பணம் கட்டிய அறை போனது. சில வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய்த் தண்ணீர் ஒரு போத்தல் மட்டும் கையில் இருக்க அங்கே மாட்டிக்கொண்டதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அதனால் தம்பி, முழுப் பாரத்தோடு நம் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் கிரிக்கிலிருந்து ஜெலி வரை ஓட்டிப் பார். புறப்படும்போது கழுத்துவரை நிரப்பு, முடிவில் மறுபடி நிரப்பு, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகு. வரும் எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் நம்பு. அப்படியும் ஒவ்வொரு ரோட்ஹவுஸிலும் நிரப்பு, பாதி இருந்தாலும் சரி. எண்ணெய்க்கென்றே செய்த கேனில் 5 லிட்டர் தனியாக இருக்கட்டும்.

அந்தி நேரம்

ஓட்டாதீர்கள். கங்காரு குறுக்கே பாயும்.

நேர்ச்சாலைத் தூக்கம்

அதே சாலையில் பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லை. ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் வரை கைப்பிடியைத் திருப்பாமல் போவதுபோல. கண் சொருகும் முன்பே நிறுத்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை இறங்கி நடந்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

ரோட் ட்ரெயின்

பல இழுவைப் பெட்டிகளைக் கோத்த இந்த 36 மீட்டர் நீள லாரி எதிரே வந்தால் முதலில் காற்று வந்து இடிக்கும். குனிந்து, முழங்காலால் டேங்க்கை இறுக்கிப் பிடியுங்கள்.

பழம்

கிழக்கு முனையில் உள்ள செடூனா ஊரின் பழப்பூச்சித் தடுப்புச் சோதனைச் சாவடியில் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.