செம்மண் காட்டில் கார்பனைத் தங்க வைப்பது எப்படி

மண் பரிசோதனைச் சீட்டில் அங்ககக் கார்பன் (மண்ணில் மட்கிக் கிடக்கும் செடி, சாணத்தின் கார்பன்) 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பொருள். சரி, லோடு லோடாகத் தொழுவுரம் கொட்டினால் தீருமா? வருஷத்துக்கு நாலு உழவு ஓட்டினால் தீராது. ஒவ்வொரு உழவிலும் மண்கட்டி உடைந்து, உள்ளே ஒளிந்திருக்கும் மட்கு காற்றுபட்டு, நுண்ணுயிர் தின்று, கரியமில வாயுவாகப் போய்விடும். முதலில் உழவைக் குறையுங்கள்.

அப்புறம், எதைப் போடுகிறோம் என்பது. பொள்ளாச்சிப் பக்கம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று தென்னை நார்க்கழிவை அப்படியே கொட்டாதீர்கள். அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ஏறக்குறைய 100 பங்கு கார்பன், அதை மட்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளடித்து நிற்கும். மட்க வைத்துப் போடுங்கள். சணப்பு, கொளுஞ்சி மாதிரிப் பசுந்தாள் உரப் பயிர் விதைத்துப் பூவெடுக்கும்போது மடக்கி உழுதால் (இந்த ஒரு உழவு போகட்டும்) நுண்ணுயிருக்கு நல்ல தீனி. அவை பெருகிச் செத்த மிச்சம்தான் களித்துகளில் ஒட்டிக்கொண்டு வெகுகாலம் நிற்கிறது. மணல் கலந்த செம்மண்ணில் அப்படி ஒட்ட இடம் குறைவு, அதனால் களி மிகுந்த கரிசல்காட்டுக்காரர் சீட்டோடு ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள்.

தண்ணியே இல்லாத காடா? காங்கேயத்துக் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு) மாதிரி விட்டுவிடுங்கள்: கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், வருஷா வருஷம் உழவு கிடையாது, புல்வேர் மண்ணுக்குள் கார்பனை இறக்கிக்கொண்டே இருக்கும். மாட்டை அளவுக்கு மீறி விட்டு மொட்டையடித்தால் அதுவும் போச்சு.