மெய்நிகர் இயந்திரத்தில் வன்பொருள் குறுக்கீடுகளுக்கு வழி அமைக்கும் முறை

திருகோணமலை நகரில், சீரியல் போர்ட் வழியாகத் தராசிலிருந்து எடையை வாங்கும் பழைய கணக்கு நிரல்களை இன்னும் கைவிடாத மீன் மொத்தக் கடைகள் உண்டு. அத்தகைய நிரலொன்றைப் புதிய கணினியில் மெய்நிகர் இயந்திரத்துக்குள் (மென்பொருளால் உருவாக்கிய கணினிக்குள்) ஏற்றும்போது, முதல் எடை சரியாக வந்து இரண்டாவது எடை வராமலே போனால், தராசையோ கேபிளையோ மாற்றுவதற்கு முன் குறுக்கீடு (சாதனம் புரொசசரின் கவனத்தைக் கோரி அனுப்பும் சமிக்ஞை, இன்டரப்ட்) செல்லும் பாதையைப் பார்க்க வேண்டும். சொந்தமாக எமுலேட்டர் (வன்பொருளைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) எழுதும் மாணவர்களுக்கும், கியூஎமு என்ற திறந்த மூல எமுலேட்டரைத் திருத்திப் பயன்படுத்துவோருக்கும் கீழே சொல்லும் ஒழுங்கு பொருந்தும்.

முதலில் ஐஎஸ்ஏ (பழைய கணினிகளின் இணைப்பு முறை) வகைச் சாதனங்களை அமையுங்கள். இவற்றின் குறுக்கீட்டு எண்கள் மரபாக நிலைத்தவை: முதல் சீரியல் போர்ட்டுக்கு 4, இரண்டாவதற்கு 3. இவை விளிம்பில் தூண்டப்படுபவை. அதாவது, தடம் (சமிக்ஞை செல்லும் கம்பி) தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏறும் கணத்தை மட்டுமே 8259 கட்டுப்படுத்தி (குறுக்கீடுகளைத் திரட்டிப் புரொசசருக்கு அனுப்பும் சில்லு) கவனிக்கும். ஆகவே நிரல் பெறுதாங்கியிலிருந்து (வந்த எழுத்தை வைத்திருக்கும் இடத்திலிருந்து) எழுத்தை வாசித்ததும், சீரியல் போர்ட்டுக்காக நீங்கள் எழுதிய மென்பொருள் மாதிரி தடத்தை இறக்கியாக வேண்டும். இறக்காவிட்டால் அடுத்த எழுத்து வரும்போது ஏறுவதற்கு விளிம்பே இராது. மேலே சொன்ன இரண்டாவது எடை காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

பிசிஐ (ஐஎஸ்ஏவுக்குப் பின் வந்த இணைப்பு முறை) சாதனங்களின் பாதை சற்று நீளமானது. கியூஎமுவின் பழைய வகை இயந்திரம் இன்டெலின் 440எஃப்எக்ஸ், பிஐஐஎக்ஸ்3 சில்லுகளைப் பின்பற்றுகிறது. அதில், சாதனத்தின் ஸ்லாட் எண்ணுடன் அதன் குறுக்கீட்டு ஊசியின் எண்ணைக் கூட்டி (முதல் ஊசி 0), ஒன்றைக் கழித்து, நான்கால் வகுத்து வரும் மீதியே நான்கு பொதுத் தடங்களுள் எது என்பதைக் காட்டும். 3ஆம் ஸ்லாட்டில் உள்ள நெட்வொர்க் அட்டையின் முதல் ஊசிக்கு மீதி 2. 0இலிருந்து எண்ணுவதால் அது மூன்றாம் தடம். அந்தத் தடம் எந்த எண்ணுக்குப் போகும் என்பதைப் பிஐஐஎக்ஸ்3இன் பதினறும முகவரி 60 முதல் 63 வரையுள்ள நான்கு பதிவகங்கள் (சில்லுக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்கள்) தீர்மானிக்கின்றன. பதிவகத்தின் கீழ் நான்கு பிட்டுகள் எண்ணைத் தரும், மேல் பிட் 1 ஆக இருந்தால் அந்தத் தடம் அடைபட்டிருக்கும். கியூஎமுவின் தொடக்க நிரலான சீபயாஸ் இவற்றுக்கு முறையே 10, 10, 11, 11 என எழுதுவதால், 3ஆம், 4ஆம் ஸ்லாட்டுகள் இரண்டும் 11இல் வந்து சேர்கின்றன.

கவனம் முழுவதையும் வைக்க வேண்டிய இடம் இந்தப் பகிர்வுதான். பிசிஐ தடம் நிலையால் தூண்டப்படுவது, அதாவது தடம் உயர்ந்திருக்கும் வரை கோரிக்கை நீடிக்கும். நிலாவெளிப் பேருந்தில் இறங்குவதற்கு மூவர் எழுந்து நின்றால், ஒருவர் இறங்கியதும் நடத்துநர் வண்டியை எடுக்கச் சொல்ல முடியாதல்லவா? அதுபோல், ஒரு சாதனம் தன் கோரிக்கையை விலக்கியதும் தடத்தை இறக்கிவிடாமல், ஒவ்வொரு தடத்துக்கும் எத்தனை சாதனங்கள் அதை ஏற்றிப் பிடித்துள்ளன என்ற எண்ணிக்கையை ஒரே இடத்தில் வைத்து, அது 0 ஆனபின்பே இறக்குங்கள். எண்ணிக்கையைச் சாதன மாதிரிகளுக்குள் சிதறவிடுவது பின்னாளில் தேடித் தீராத தலைவலி. விருந்தினர் இயங்குதளம் (மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுவது) பதிவகத்தை இடையில் மாற்றி எழுதினால், பழைய எண்ணை இறக்கி, எண்ணிக்கை 0 ஆகாதிருந்தால் புதிய எண்ணை ஏற்றவும் வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

24 ஊசிகள் கொண்ட ஐஓ ஏபிக்குக்கு (8259க்குப் பின் வந்த குறுக்கீட்டுக் கட்டுப்படுத்திக்கு) மாறும்போது இரண்டு செய்திகள் முக்கியம். ஐஎஸ்ஏ டைமரின் 0ஆம் எண் அங்கே 2ஆம் ஊசிக்குப் போகிறது. இதை ஏசிபிஐ அட்டவணையில் (வன்பொருள் அமைப்பை இயங்குதளத்துக்குச் சொல்லும் பட்டியலில்) அறிவிக்காவிட்டால் லினக்ஸ் தொடங்கும்போதே டைமர் இணைக்கப்படவில்லை என்று முறையிடும். அடுத்து, நிலையால் தூண்டப்படும் குறுக்கீட்டை அனுப்பியபின், புரொசசரிடமிருந்து முடிவு அறிவிப்பு வரும்வரை மீண்டும் அனுப்பக்கூடாது. அறிவிப்பு வந்த பிறகும் தடம் உயர்ந்தே இருந்தால் உடனே மறுபடி அனுப்ப வேண்டும். யாரும் ஏற்காத குறுக்கீடு ஓயாமல் வந்தால், 1,00,000இல் 99,900க்கு மேல் கவனிப்பாரற்றுப் போனதும் லினக்ஸ் அந்த எண்ணையே மூடிவிடும்.

எம்எஸ்ஐ (தடமின்றிச் செய்தியாக வரும் குறுக்கீடு) வகைக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. சாதனம் நினைவகத்தில் எழுதும் ஒரு சொல்லே குறுக்கீடு. தரவின் கீழ் 8 பிட்டுகள் வெக்டர் எண் (எந்தக் குறுக்கீடு என்று புரொசசருக்குச் சொல்வது), முகவரியின் 12 முதல் 19 வரையான பிட்டுகள் எந்தப் புரொசசர் என்பது. புதிய சாதன மாதிரி எழுதுவோர் முடிந்தவரை இதையே தெரிவு செய்வது நல்லது.

சோதிக்கும்போது, கேவிஎம்மின் (லினக்ஸ் கர்னலின் மெய்நிகராக்கப் பகுதியின்) கர்னலுக்குள் உள்ள கட்டுப்படுத்தியை முடக்கிவிட்டு, கியூஎமுவே எல்லாவற்றையும் கையாளும்படி இயக்குங்கள். வேகம் குறையும், ஆனால் நடப்பது கண்ணுக்குத் தெரியும். கியூஎமுவின் கட்டளைத் திரையான மானிட்டரில் ‘இன்ஃபோ பிக்’ கட்டளை, காத்திருக்கும், மறைக்கப்பட்ட, நடப்பிலுள்ள குறுக்கீடுகளைத் தனித்தனியே காட்டும். விருந்தினர் லினக்ஸில் ‘ப்ராக்’ அடைவிலுள்ள ‘இன்டரப்ட்ஸ்’ கோப்பைத் திறந்து வைத்துத் தராசில் ஒரு பெட்டி மீனை வையுங்கள். 4ஆம் வரியின் எண்ணிக்கை ஏறியும் எடை திரையில் வராவிட்டால் பாதை சரி, பிழை டிரைவரிலோ நிரலிலோ உள்ளது; எண்ணிக்கையே ஏறாவிட்டால் கட்டுப்படுத்தியின் மறைப்புப் பதிவகத்திலிருந்து சாதனத்தை நோக்கிப் பின்னோக்கித் தேடுங்கள்.