டொரண்ட் நகரவே மாட்டேன் என்கிறதா? எண்களை ஏற்றும் முன் இதைப் பாருங்கள்

டொரண்ட் என்பது ஒரு கோப்பைத் துண்டு துண்டாகப் பலருடைய கணினிகளிலிருந்து எடுத்து, நீங்களும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் முறை. அதில் டவுன்லோட் மெதுவாக வருகிறது என்றதும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் காரியம், செட்டிங்ஸைத் திறந்து அங்கே இருக்கிற எண்களையெல்லாம் ஏற்றிவிடுவது. இணைப்பு 500 என்றிருந்தால் 5000, அப்லோடுக்கு வரம்பே வேண்டாம், ஒரே நேரத்தில் இருபது டவுன்லோட். அப்புறம் வேகம் இன்னும் குறையும், வீட்டில் மற்றவர்களுக்கும் இணையம் தடுமாறும். நானும் ரொம்ப நாள் இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். பிறகு தெரிந்தவர்கள் பலருடைய கணினியில் உட்கார்ந்து பார்த்ததில் புரிந்த விஷயம் இதுதான்: கோளாறு பெரும்பாலும் இரண்டே இடத்தில் இருக்கிறது. ஒன்று, அப்லோட் பாதை நிரம்பி அடைத்துக்கொள்கிறது. இன்னொன்று, வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் கணினிவரை வந்து சேர்வதில்லை. இந்த இரண்டையும் சரிபார்த்த பிறகுதான் மற்றதில் கை வைக்க வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

முதலில் அளந்து பாருங்கள்

இணைய நிறுவனம் சொல்லும் 100 என்பது மெகாபிட், டொரண்ட் மென்பொருள் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் கணக்குப்படி உச்சமே 12.5 மெகாபைட்தான், நடைமுறையில் 11 சொச்சம் கிடைக்கும். உங்களுக்கு 10, 11 வருகிறதென்றால் பிரச்சினை எதுவும் இல்லை, இதற்குமேல் படிக்கவே தேவையில்லை.

இல்லையென்றால் டொரண்ட் மென்பொருளை முழுவதுமாக மூடிவிட்டு (ஜன்னலை மூடினால் போதாது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓடிக்கொண்டே இருக்கும்), முடிந்தால் வைஃபையை விட்டுக் கேபிளில் இணைத்து, ஒரு வேகச் சோதனை செய்து டவுன்லோட், அப்லோட் இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து உபுண்டு அல்லது டெபியன் (இரண்டும் இலவச இயங்குதளங்கள்) நிறுவும் வட்டின் டொரண்டை அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். அவற்றுக்கு எப்போதும் நிறைய சீடர்கள் (முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் தருபவர்கள்) இருப்பார்கள். அது முழு வேகத்தில் வந்துவிட்டால் உங்கள் பக்கம் குறையில்லை, நீங்கள் எடுக்க நினைத்த அந்த இன்னொரு டொரண்டில்தான் ஆள் இல்லை என்று பொருள். ஒரே ஒரு சீடர், அவரும் மெதுவான இணைப்பில், நாற்பது பேர் அவரிடம் வரிசையில் நிற்கிறார்கள் என்றால் எந்த செட்டிங்கும் உதவாது, காத்திருப்பதுதான் வழி. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நாள்கணக்கில் ரவுட்டரோடு மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த டொரண்டும் மெதுவாகத்தான் வருகிறதா? சரி, அப்படியானால் உங்கள் பக்கம் தேடுவோம்.

அப்லோட்

அப்லோடு டவுன்லோடைக் கெடுக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. டிசிபி இணைப்பில் உங்களுக்கு வந்து சேரும் தரவுக்கு உங்கள் கணினி 'வந்துவிட்டது' என்று பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தப் பதில் போவது அப்லோட் பாதையில்தான். அந்தப் பாதையை நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பும் துண்டுகளால் முழுக்க நிரப்பிவிட்டால், பதில்கள் மோடத்தில் வரிசையில் தேங்கும், எதிர்முனை பதில் வரவில்லையே என்று வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் 100 மெகாபிட் டவுன்லோட் வைத்திருப்பவருக்கும் 2 மெகாபைட்டில் நிற்கிறது. சோதிப்பது சுலபம்: டொரண்ட் ஓடாதபோது ஏதாவது ஒரு முகவரிக்குப் பிங் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் கட்டளை) கொடுங்கள், 20 மில்லிசெகண்ட் என்று வரும், பிறகு டொரண்ட் முழு வேகத்தில் அப்லோட் ஆகும்போது கொடுங்கள். அது பல நூறு மில்லிசெகண்டாக ஏறினால் நோய் இதுதான்.

மருந்து, அளந்த அப்லோட் வேகத்தில் சுமார் 80 சதவீதத்தை வரம்பாக வைப்பது. அப்லோட் 10 மெகாபிட் என்றால் 1250 கிலோபைட், அதில் 80 சதவீதம் 1000. மென்பொருளில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள், கிலோபிட் என்று நினைத்து 8000 போட்டால் வரம்பே இல்லாத மாதிரிதான்.

யுடிபி (பதிலுக்குக் காத்திராமல் தரவை அனுப்பும் முறை) மேல் ஓடும் மியூ-டிபி என்ற முறையை இப்போதைய மென்பொருள்களில் பெரும்பாலானவை பயன்படுத்துகின்றன, தாமதம் ஏறுவதைக் கண்டதும் தானாகவே விலகி வழிவிடும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதை அணைத்து வைத்திருந்தால் மறுபடி போட்டுவிடுங்கள். ஆனால் சாதாரண டிசிபி இணைப்புகளும் கூடவே ஓடும் என்பதால் வரம்பு வேண்டாம் என்று ஆகிவிடாது. ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான மாற்று மென்பொருள்) மாதிரி ஏதாவது இருந்து, வரிசையை ஒழுங்குபடுத்தும் கேக் அல்லது எஃப்க்யூ-கோடெல் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், வீட்டில் எல்லோருக்குமே நல்லது.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. டவுன்லோட் கூட வேண்டும் என்று அப்லோடை 5 கிலோபைட்டுக்கு இறுக்கிவிடுவார்கள். பிட்டொரண்டை 2001-ல் பிராம் கோஹன் எழுதியபோதே கொடுப்பவருக்குக் கொடு என்ற கணக்கில்தான் கட்டினார். ஒவ்வொரு பியரும் (அதே டொரண்டில் இருக்கும் மற்றொரு கணினி) சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை தனக்கு யார் அதிகம் தருகிறார்கள் என்று பார்த்து, அவர்களுக்குத்தான் திருப்பித் தரும். புதியவர்களுக்கும் வாய்ப்பு வேண்டுமே என்று 30 விநாடிக்கு ஒருமுறை யாராவது ஒருவருக்குச் சும்மாவும் திறந்துவிடும். நீங்கள் ஒன்றும் தராவிட்டால் அந்தச் சும்மா கிடைப்பதும் முழு சீடர்கள் தருவதும்தான் உங்களுக்கு. அப்லோட் இடங்களின் (ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அனுப்புவது) எண்ணிக்கையையும் இதே காரணத்துக்காகத்தான் குறைவாக வைக்கச் சொல்கிறேன்: 1000 கிலோபைட்டை ஐம்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 20, யாருடைய பட்டியலிலும் உங்கள் பெயர் மேலே வராது. ஒரு டொரண்டுக்கு நான்கைந்து இடம் போதும்.

வெளியிலிருந்து உங்களைத் தொட முடிகிறதா

உங்கள் போர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) மூடியிருந்தாலும் டவுன்லோட் நடக்கும், ஏனென்றால் நீங்களாக வெளியே போய் இணைப்பு ஏற்படுத்தலாம். ஆனால் உங்களைத் தேடி யாரும் வர முடியாது. எதிரில் இருப்பவருடைய போர்ட்டும் மூடியிருந்தால் பெரும்பாலும் இருவரும் சேரவே மாட்டீர்கள். ஆள் நிறைய இருக்கும் டொரண்டில் இது உறைக்காது, மூன்று நான்கு சீடர்கள் மட்டும் இருக்கும் பழைய டொரண்டில்தான் நன்றாக உறைக்கும்.

மென்பொருளில் போர்ட்டை 49152-க்கும் 65535-க்கும் நடுவில் ஏதாவது ஒரு எண்ணாக நிலையாக வையுங்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போர்ட்டை மாற்று என்ற தேர்வு இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பழைய வழிகாட்டிகளில் வரும் 6881 முதல் 6889 வரையான போர்ட்டுகள் வேண்டாம், பல நெட்வொர்க்குகள் குறிப்பாக அவற்றைத்தான் மட்டுப்படுத்தும். அடுத்து கணினியின் ஃபயர்வாலில் அந்த மென்பொருளுக்கு டிசிபி, யுடிபி இரண்டுக்கும் அனுமதி. யுடிபியை விட்டுவிட்டால் டிராக்கர் (யார் யாரிடம் கோப்பு இருக்கிறது என்று சொல்லும் சர்வர்) இல்லாமல் ஆள் தேடும் டிஹெச்டி முடங்கும், மியூ-டிபியும் முடங்கும். விண்டோஸில் இன்னொரு பொறி இருக்கிறது: முதலில் அனுமதி கேட்டபோது தனிப்பட்ட நெட்வொர்க்குக்கு மட்டும் சரி சொல்லியிருப்பீர்கள், இப்போது அதே வீட்டு வைஃபையை விண்டோஸ் பொது நெட்வொர்க் என்று குறித்து வைத்திருக்கும், அனுமதி செல்லாது.

பிறகு ரவுட்டர். யுபிஎன்பி போட்டிருந்தால் மென்பொருளே போர்ட்டைத் திறந்துகொள்ளும். அது வேலை செய்யவில்லை என்றால் கையால் போர்ட் ஃபார்வர்டிங் (அந்தப் போர்ட்டுக்கு வருவதை இந்தக் கணினிக்கு அனுப்பு என்று ரவுட்டருக்குச் சொல்வது) செய்யுங்கள், ஒரே போர்ட்டுக்கு யுபிஎன்பி, இது இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். கையால் செய்தால் அந்தக் கணினிக்கு உள் முகவரியை ரவுட்டரில் நிரந்தரமாக ஒதுக்குவது கட்டாயம். ஒரு நண்பருடைய கணினியில் இரண்டு வாரம் அருமையாக ஓடிவிட்டுத் திடீரென்று போர்ட் மூடிக்கொண்டது. மென்பொருளை அழித்து நிறுவினோம், ஃபயர்வாலை அலசினோம், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பார்த்தால் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனபோது 192.168.1.5 ஆக இருந்த கணினி 192.168.1.8 ஆகிவிட்டது, ஃபார்வர்டிங் இன்னும் 5-ஐயே காட்டிக்கொண்டிருந்தது.

போர்ட் திறந்திருக்கிறதா என்று தளங்களில் சோதிக்கும்போது டொரண்ட் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எந்த மென்பொருளும் காத்திருக்காத போர்ட்டை அந்தத் தளம் மூடியிருக்கிறது என்றுதான் சொல்லும், அதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி கலைக்காதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் மூடியே இருக்கிறதென்றால் ரவுட்டரின் வெளி முகவரியையும், என் ஐபி என்ன என்று காட்டும் தளம் சொல்லும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள்: ஒரே பொது முகவரியை நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. உங்கள் ரவுட்டரில் என்ன திறந்தாலும் அதற்கு மேலே உள்ள கதவு உங்கள் கையில் இல்லை. ரவுட்டரில் 10 அல்லது 192.168-ல் ஆரம்பிக்கும் முகவரி இருந்தால், வீட்டிலேயே மோடம், ரவுட்டர் என்று இரண்டு பெட்டிகள் அதே முகவரி பகிரும் வேலையைச் செய்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் மோடத்தைப் பிரிட்ஜ் (இணைப்பை அப்படியே ரவுட்டருக்குக் கடத்தும்) நிலைக்கு மாற்றினால் போதும். சிஜிநாட்தான் என்றால் நிறுவனத்திடம் பொது ஐபி கேட்கலாம், சில இடங்களில் தனிக் கட்டணம் இருக்கும். ஐபிவி6 (புதிய முகவரி முறை) கிடைத்தால் அதைப் போட்டு ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் திறக்கலாம், இந்தச் சிக்கலே அங்கே இல்லை. விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) வழியாகப் போகிறவர்களுக்கு ரவுட்டரில் திறந்த போர்ட் எதற்கும் உதவாது, போர்ட்டை விபிஎன் சேவையே தர வேண்டும்.

எண்ணிக்கைகள், பிறகு டிஸ்க்

மொத்த இணைப்புகள் 200 முதல் 500, ஒரு டொரண்டுக்கு 50 முதல் 100. இதற்கு மேல் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. ஒவ்வொரு இணைப்பையும் ரவுட்டர் ஒரு அட்டவணையில் நினைவில் வைத்திருக்க வேண்டும், மலிவான ரவுட்டரில் அது நிரம்பினால் புதிய இணைப்பு எதுவும் நடக்காது, இணையப் பக்கம்கூடத் திறக்காது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகி அரை மணி நேரத்தில் மறுபடி படுத்துக்கொள்கிறதென்றால் இணைப்புகளைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பாதி திறந்த (இன்னும் பதில் வராத) இணைப்புகளின் வரம்பை உடைக்க விண்டோஸ் கோப்பை மாற்று என்ற அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது 2004-ல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-க்கான வைத்தியம், விண்டோஸ் 7 வந்தபோதே அந்த வரம்பு போய்விட்டது. தயவுசெய்து அந்தக் கோப்புகளைத் தொடாதீர்கள்.

வேகம் ஏறி ஏறி விழுந்தால், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய சுழலும் டிஸ்க்கில் ஐந்தாறு டொரண்ட் ஒன்றாக எழுதினால் அப்படித்தான் ஆகும், டவுன்லோடை இரண்டாகக் குறையுங்கள். ஆன்டிவைரஸ் ஒவ்வொரு துண்டையும் பிடித்துச் சோதிக்கிறது என்றால், முடியாத கோப்புகளுக்கு மட்டும் தனி ஃபோல்டர் வைத்து அதற்கு விலக்குக் கொடுங்கள், முடிந்தவற்றுக்குக் கொடுக்க வேண்டாம். பெரிய கோப்பு 4 ஜிபியில் பிழை காட்டி நின்றால் அந்த டிஸ்க் ஃபேட்32-ல் (ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாத பழைய வடிவம்) இருக்கிறது.

99 சதவீதத்தில் நிற்பதற்கு அவெய்லபிலிட்டி எண்ணைப் (இணைந்திருப்பவர்களிடம் மொத்தம் எத்தனை முழுப் பிரதி இருக்கிறது என்பது) பாருங்கள். 1-க்குக் கீழே, 0.97 என்று இருந்தால் கடைசித் துண்டு இப்போது யாரிடமும் இல்லை. 1-க்கு மேல் இருந்தும் நிற்கிறது என்றால் கோப்பை மறுசோதனை செய்யச் சொல்லுங்கள். எல்லா டொரண்டிலும் துண்டுகள் திரும்பத் திரும்ப சோதனையில் தோற்றால் நினைவகத்தையோ டிஸ்க்கையோ சந்தேகப்பட வேண்டும்.

சிங்க்திங் வைத்துச் சொந்தக் கோப்புகளை ஒத்திசைப்பவர்களுக்கும் இதே போர்ட் கதைதான். கருவியின் விவரத்தில் ரிலே என்று காட்டினால் இரண்டு கணினியும் நேராகப் பேசவில்லை, நடுவில் இன்னொருவர் சர்வர் வழியாகப் போகிறது, அதனால் மெதுவாக இருக்கும். 22000 போர்ட்டை டிசிபி, யுடிபி இரண்டிலும், ஒரே வீட்டுக்குள் கண்டுபிடிக்க 21027 யுடிபியையும் அனுமதியுங்கள். இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் திறந்தாலே போதும்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்று யாரிடமாவது உதவி கேட்கப் போனால், மெதுவாக இருக்கிறது என்று மட்டும் எழுதாதீர்கள். மென்பொருளின் பெயரும் பதிப்பும், வேகச் சோதனையின் இரண்டு எண்கள், உபுண்டு டொரண்டில் கிடைத்த வேகம், போர்ட் திறந்திருக்கிறதா இல்லையா, அப்லோட் வரம்பு எவ்வளவு, விபிஎன் உண்டா என்று எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவதாக இருந்தால் உங்கள் வெளி ஐபியையும் பியர் பட்டியலில் இருக்கும் மற்றவர்களுடைய முகவரிகளையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.