பெயிட்காஸ்ட் ரீலில் சிக்கு விழாமல் வீசுவது எப்படி?

பாஸ் மீன் பிடிக்கப் போன இடத்தில் மீன் கடிக்கவில்லை என்றால் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். லூர் (செயற்கை இரை) தண்ணீரைத் தொடுவதற்குள் ரீலில் நரம்பு (தூண்டில் நூல்) சிக்கிக்கொண்டே இருந்தால் எவனுக்கும் எரிச்சல் வரும். நண்பனோடு படகில் போன ஒரு நாள் முழுக்க இதே கதைதான். ரீல் அவனுடையது, புத்தம் புதியது. சிக்கெடுக்கும் வேலை மட்டும் இரண்டு பேருக்கும். கரையோர நாணல் பக்கம் பாஸ்கள் குஞ்சு மீன்களைத் துரத்தித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தன. நாங்கள் குனிந்த தலை நிமிராமல் நரம்பை நோண்டிக்கொண்டிருந்தோம். பிறகு அந்த ரீலை மேசைமேல் வைத்து ஒவ்வொரு திருகாகச் சரிசெய்தேன். அந்த வரிசைதான் இது. முடிச்சுப் போடுவதும், வளையங்கள் வழியே நரம்பைக் கோப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், சிக்கு ஏன் விழுகிறது? ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) அசையாது, நரம்பு மட்டும் உருவிக்கொண்டு போகும். பெயிட்காஸ்ட் ரீலில் ஸ்பூலே சுழல வேண்டும். லூர் இழுக்கிறது, ஸ்பூல் சுழல்கிறது. காற்றிலோ தண்ணீரில் விழுந்தோ லூர் வேகம் குறையும். ஸ்பூலுக்கு அது தெரியாது, தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருக்கும். வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே வளையம் வளையமாகச் சுருண்டுவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் இந்த வகை ரீல்களைச் செய்த காலத்திலிருந்தே இருக்கும் தொல்லைதான். அதனால் உங்கள் கை சரியில்லை என்று வருத்தப்பட வேண்டாம்.

நரம்பும் லூரும்

பழகும்வரை 12 அல்லது 14 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பு போதும். கடையில் என்ன சொன்னாலும் புளோரோகார்பன் நரம்பு வேண்டாம். அது விறைப்பானது, சிக்கு விழுந்த இடத்தில் மடிப்பு விழுந்து பலமும் போய்விடும். ஸ்பூலை விளிம்புவரை நிரப்பாமல் சுமார் 3 மில்லிமீட்டர் விட்டுச் சுற்றுங்கள். லூர் 14 கிராம் அளவில், உருண்டு திரண்டதாக இருக்கட்டும். எடை குறைந்து உருவம் மட்டும் பெரிதாக இருக்கும் லூரைக் காற்று பிடித்து நிறுத்திவிடும். பழகுகிறவருக்கு அது ஆகாது. 7 கிராமுக்குக் கீழே என்றால் ஸ்பின்னிங் ரீலை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

டென்ஷன் திருகு

இங்கேதான் நண்பன் மாட்டிக்கொண்டான். கைப்பிடி இருக்கும் பக்கத்தில் நட்சத்திர வடிவில் ஒரு சக்கரம் இருக்கும். அது டிராக். மீன் இழுக்கும்போது எவ்வளவு இறுக்கத்தில் நரம்பை விட வேண்டும் என்பதற்கானது. வீசுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதே பக்கத்தில் சின்னதாக, உருண்டையாக இன்னொரு திருகு இருக்கும். டென்ஷன் என்பது அதுதான். சிக்கு விழ விழ நண்பன் இறுக்கிக்கொண்டே போனது டிராக்கை!

லூரைக் கட்டி, கோல் நுனிக்கு ஒரு சாண் கீழே தொங்கவிடுங்கள். கோலைத் தரைக்கு இணையாகப் பிடித்து, ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு விடுவிப்புப் பொத்தானைத் தட்டுங்கள். இப்போது விரலை எடுங்கள். லூர் தடதடவென்று விழுந்தால் திருகை இறுக்குங்கள்; அசையவே இல்லை என்றால் கொஞ்சம் தளர்த்துங்கள். லூர் நிதானமாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நின்றுவிட வேண்டும். அதற்குமேல் சுற்றினால் இன்னும் இறுக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: லூரை மாற்றினால் இதை மறுபடியும் செய்ய வேண்டும். வீட்டில் ஒரு லூருக்குப் பார்த்துவிட்டு, படகில் வேறொன்றைக் கட்டினால் பழைய அளவு பொருந்தாது. ஸ்பூல் பக்கவாட்டில் ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்கிவிட்டு மீதியைப் பிரேக்கிடம் விடுகிறவர்களும் உண்டு. அதில் தூரம் கூடுதலாகப் போகும், ஆனால் கட்டைவிரல் பழகியபிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

பிரேக்

வீசும்போது ஸ்பூலின் வேகத்தைக் குறைப்பது இது; கைப்பிடிக்கு எதிர்ப் பக்கம் இருக்கும். பத்து வரை எண் இருந்தால் எட்டில் வைத்துத் தொடங்குங்கள். நன்றாகப் போகப் போக ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். காந்தப் பிரேக்கா, மையவிலக்குப் பிரேக்கா என்று கேட்டால், தொடங்குகிறவருக்குக் காந்தம்தான் என்பேன். வெளியே உள்ள வட்டைத் திருப்பினால் வேலை முடிந்தது. மையவிலக்குப் பிரேக் உள்ள பல ரீல்களில் மூடியைக் கழற்றி, உள்ளே உள்ள குட்டிக் கட்டைகளைத் தள்ள வேண்டும். ஆடும் படகில் அது வேண்டாத வேலை.

வீசுவது

மணிக்கட்டைத் திருப்பி, கைப்பிடி மேலே பார்க்கும்படி பிடியுங்கள். பலத்தைக் காட்டாதீர்கள், வெடுக்கென்று உதறினால் தொடக்கத்திலேயே ஸ்பூல் லூரை முந்திவிடும். கோல் வளைந்து, அதுவே லூரை எறியட்டும். லூர் பறக்கும்போது கட்டைவிரல் ஸ்பூலை உரசியும் உரசாமலும் இருக்க வேண்டும். தண்ணீரைத் தொடப்போகும் நொடியில் அழுத்தி நிறுத்துங்கள். எவ்வளவு விலையுள்ள ரீலானாலும் இந்த அழுத்தலுக்கு விலக்கு கிடையாது. எதிர்க்காற்று அடித்தால் பிரேக்கை இரண்டு எண் ஏற்றி, கோலைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீசுங்கள்.

சிக்கு விழுந்துவிட்டால்

கண்ணில் படும் வளையத்தையெல்லாம் இழுக்காதீர்கள், இன்னும் இறுகும். டிராக்கை நன்றாக இறுக்குங்கள். கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்தியபடியே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிறகு பொத்தானைத் தட்டி, நரம்பை மெதுவாக வெளியே உருவுங்கள். தடைபட்டால் மறுபடியும் அழுத்திச் சுற்றி உருவுங்கள். பெரும்பாலான சிக்கு இதிலேயே அவிழ்ந்துவிடும். முடிந்ததும் டிராக்கைப் பழைய நிலைக்குத் தளர்த்த மறக்காதீர்கள். அப்படியே விட்டால் பெரிய மீன் மாட்டும்போது நரம்பு அறுந்துபோகும்.

பின்னர் சேர்த்தது: பின்னல் நரம்பு போட்டவர்கள் சிலர், டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் மீன் இழுக்கையில் நரம்பு வழுக்கிக்கொண்டே போகிறது என்று எழுதியிருந்தார்கள். டிராக்கில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. பின்னல் நரம்பு வழவழப்பானது. வெறும் ஸ்பூலில் கட்டினால் மொத்தச் சுற்றும் சேர்ந்து நழுவும். அடியில் கொஞ்சம் மோனோவைச் சுற்றி, அதன்மேல் பின்னல் நரம்பை இணைத்துச் சுற்றுங்கள்.