ஆசிரியருக்கு அரசியல் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாளிதழ் ஒன்றின் உள்ளூர்ப் பதிப்பில் வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் வேலை சில ஆண்டுகள் எனக்கு வாய்த்தது. கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நாள்தோறும் வந்த அரசியல் கடிதங்களில் பெரும்பாலானவை அச்சேறவில்லை. எழுதியவர்கள் தங்கள் கட்சிச் சார்பே அதற்குக் காரணம் என்று நினைத்திருக்கலாம். மேசையில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேட்க வேண்டியவரை விட்டு வேறொருவரைக் கேட்டதால்தான் அவற்றில் பாதிக்கு மேல் குப்பைக் கூடைக்குப் போயின.

எங்கள் பகுதியில் இந்தத் தவறு நேர்வது மிகவும் எளிது. புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பேருந்தில் வருபவர் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று புதுச்சேரி ஊர்களைக் கடந்து முள்ளோடையில் எல்லையைத் தாண்டுகிறார். அடுத்து வரும் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. சாலை ஒன்றுதான், மழையும் ஒன்றுதான், ஆனால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசு மாறிவிடுகிறது. ரெட்டிச்சாவடிப் பக்கம் தெருவிளக்கு எரியவில்லை என்று புதுச்சேரி அமைச்சரைக் கடிந்து வந்த ஒரு கடிதம் இன்னும் நினைவிருக்கிறது. நடை அழகு, கோபம் நியாயம், முகவரி மட்டும் தவறு.

எல்லைக்கு உள்ளேயும் இதே குழப்பம் உண்டு. கடலூர் மாவட்டத்தில் 9 சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. அவற்றில் 6 மட்டுமே கடலூர் மக்களவைத் தொகுதியில் அடங்கும். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் ஆகிய மூன்றும் அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகியவற்றோடு சேர்ந்து சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் வருகின்றன. புவனகிரிக்காரர் 'கடலூர் எம்.பி. எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை' என்று எழுதினால், அந்த எம்.பி.யின் ஆதரவாளர் ஒற்றை வரியில் மறுத்து அவருடைய முழு வாதத்தையும் சாய்த்துவிடுவார். புதுச்சேரியில் ரெட்டியார்பாளையம், லாஸ்பேட்டை முதலிய இடங்கள் உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தவை. அங்கே தேங்கும் குப்பைக்குப் புதுச்சேரி நகராட்சியைத் திட்டுவதில் பயனில்லை.

கடலூர் 2021இல் மாநகராட்சி ஆயிற்று. அதன் 45 வார்டுகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பெயர் சொல்லியே கேட்கலாம். புதுச்சேரியிலோ 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்த பின், பல்லாண்டுகளாகத் தேர்தலே நடத்தப்படவில்லை. ஆகவே அங்கே 'கவுன்சிலர் என்ன செய்கிறார்?' என்று கேட்பவர், உண்மையில் கேட்க வேண்டிய பெரிய கேள்வியான 'கவுன்சிலரே ஏன் இல்லை?' என்பதைத் தவறவிடுகிறார்.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது என்பதையும், அது எப்படி இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம் என்பதையும் ஒன்றாகக் கலப்பது இதை ஒட்டிய இன்னொரு தவறு. புதுச்சேரிச் சட்டப்பேரவையில் 30 உறுப்பினர்கள் தேர்தலில் வெல்கிறார்கள். மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம். நியமன உறுப்பினர்களைப் பற்றிய வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் அந்த அதிகாரத்தை உறுதி செய்துவிட்டது. அதற்குப் பிறகும் 'இந்த நியமனம் சட்டவிரோதம்' என்று எழுதினால், துணை ஆசிரியர் அந்த இடத்திலேயே பேனாவை மூடி வைத்துவிடுவார். 'மக்கள் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு வாக்குரிமை தரும் 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுச் சட்டத்தைத் திருத்த வேண்டும்' என்று எழுதியிருந்தால் அதே கோபம் அச்சில் வந்திருக்கும்.

எண்களில் நேரும் பிழைகளைக் குறித்து ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வெள்ளமாக வந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. அப்படிப்பட்ட வெள்ளக் காலங்களில் வரும் கடிதங்களில் 'ஒரு லட்சம் டி.எம்.சி. திறந்துவிட்டார்கள்' போன்ற வரிகள் கூசாமல் வந்து உட்காரும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, அதாவது அது கொள்ளளவு. அணையிலிருந்து வெளியேறும் நீரை வினாடிக்கு இத்தனை கன அடி என்றுதான் சொல்வார்கள். வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் 8.64 டி.எம்.சி. ஆகும், சாத்தனூரின் முழுக் கொள்ளளவே ஏறத்தாழ 7.3 டி.எம்.சி.தான். முன்னெச்சரிக்கை போதவில்லை என்ற வலுவான குற்றச்சாட்டு, இந்த ஓர் அலகுப் பிழையால் நகைப்புக்கு இடமாகிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த எண்ணை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். அவசரம் இல்லாத விஷயமானால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலின் நாளையும் எண்ணையும் குறிப்பிட்டு எழுதிய கடிதத்தை ஒதுக்க எந்த ஆசிரியருக்கும் எளிதில் மனம் வராது.

இனி நடை. கடிதங்களில் ஏறத்தாழ மாறாமல் வரும் வடிவம் இது:

'சுதந்திரம் பெற்று இத்தனை ஆண்டுகள் கடந்தும் மக்களின் தேவைகள் எட்டாக்கனியாகவே உள்ளன. கும்பகர்ணத் தூக்கத்தில் இருக்கும் நிர்வாகம் விழித்தெழுமா? எங்கள் தெருவில் மழைநீர் தேங்குகிறது. சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்வார்களா?'

இதில் செய்தி மூன்றாவது வரியில்தான் வருகிறது, அதுவும் எந்தத் தெரு என்று சொல்லாமல். மேலும் இது புகார் பெட்டிக்குப் போக வேண்டியது. அரசியல் கடிதம் என்றால் யாரோ ஒருவர் எடுத்த முடிவையோ கொடுத்த வாக்கையோ விசாரிக்க வேண்டும். அதே ஆதங்கத்தை இப்படி எழுதலாம்:

'திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெரு வடிகாலை மழைக்கு முன் தூர்வாருவதாக எங்கள் மாமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வந்தபோது சொன்னார். அதன்பின் மூன்று பருவமழைகள் போய்விட்டன. மாமன்றக் கூட்டத்தில் இதை அவர் ஒருமுறையேனும் எழுப்பினாரா என்பதை வார்டு மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.'

கும்பகர்ணனை விட்டுவிட்டோம், அவனும் பாவம், எத்தனை ஆண்டுகளாகத்தான் நம் கடிதங்களில் தூங்குவான். 150 சொற்களுக்குள் ஒரே ஒரு விஷயம் என்ற அளவு போதும். சாலை, குடிநீர், மதுக்கடை என்று மூன்றையும் ஒரே கடிதத்தில் திணித்தால், எதை வெட்டுவது என்ற முடிவைத் துணை ஆசிரியரிடம் கொடுத்துவிடுகிறீர்கள்.

ஆளைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. 'டெண்டரில் ஊழல் செய்தார்' என்பது குற்றச்சாட்டு. 'டெண்டர் விவரங்களை வெளியிட மறுக்கிறார்' என்பது, உண்மையாக இருக்கும்வரை, விமர்சனம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. வெளியிட்டவரோடு எழுதியவரும் சிக்கலாம். பொது ஊழியரின் அலுவல் சார்ந்த நடத்தையைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வதற்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆகவே அவர் அலுவலில் என்ன செய்தார் என்பதோடு நின்றுகொள்ளுங்கள், வீடு, சாதி, பட்டப்பெயர் பக்கம் போகாதீர்கள். தேர்தல் நேரத்தில் வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய்யெனத் தெரிந்தே எழுதுவது அதே சட்டத்தின் 175ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றம். அந்தக் காலத்தில் ஒரே கடிதம் பத்துப் பெயர்களில் வந்து சேரும். கட்சி அலுவலகத்தில் தட்டச்சிட்டது என்பதை முதல் இரண்டைப் படித்ததுமே கண்டுபிடித்துவிடுவோம். பத்தும் சேர்ந்து கூடைக்குப் போகும்.

கடிதத்தைச் சுருக்கினார்கள் என்று சண்டைக்குப் போவோரும் உண்டு. வந்த கடிதங்களில் சிலவற்றை மட்டும் தேர்ந்து, முழுமையாகவோ சாரமாகவோ வெளியிட ஆசிரியருக்கு உரிமை உண்டு என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள் சொல்கின்றன. இரு தரப்புக்கும் இடம் தர நேர்மையாக முயல வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. கருத்தே மாறிப்போயிருந்தால் மட்டும் திருத்தம் கேளுங்கள்.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள். பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் திறக்கும், யூனிகோடில் அனுப்புங்கள். புகைப்படமாக அனுப்பினால் யாராவது மீண்டும் தட்டச்சிட வேண்டும், இரவு 7 மணிக்கு அதற்கு ஆள் இருக்காது. பெயர், முகவரி, கைப்பேசி எண் மூன்றும் கடிதத்தின் அடியில் இருக்கட்டும். அறியாத எண்ணிலிருந்து மாலையில் அழைப்பு வந்தால் எடுங்கள். எழுதியது நீங்கள்தானா என்று கேட்க அலுவலகத்திலிருந்து ஒருமுறைதான் அழைப்பார்கள்.