ஐயா பேரை ஒரு சிறுகோளுக்கு வைப்பது எப்படி?

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே பேர் தயாராக இருக்கும். மூத்த பையன் என்றால் அப்பாவைப் பெற்ற ஐயா பேர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற ஐயா பேர், யோசிக்க ஒன்றுமில்லை. அதனால்தான் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று ‘மெய்யப்பா’ என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், எந்த மெய்யப்பன் என்று பிரிக்க விலாசம் கேட்க வேண்டியிருக்கும்.

போன லீவில் ஆச்சி மகன் (எங்களில் அக்காவை ஆச்சி என்போம்) கானாடுகாத்தான் வீட்டு மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு கேட்டான்: “அம்மான், ஒரு சிறுகோளுக்கு ஐயா பேர் வைக்க முடியுமா? எவ்வளவு ஆகும்?” அவனுக்கு ஐயா என்றால் எனக்கு அப்பா. சிறுகோள் என்பது சூரியனைச் சுற்றும் கல். சும்மா கேட்ட கேள்விதான், ஆனால் நான் உட்கார்ந்து தேடிப் படித்து, இப்போது அவனைவிட எனக்குத்தான் பைத்தியம் முற்றிவிட்டது. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

முதலில் காசு விஷயம். ஒரு பைசா ஆகாது, ஒரு கோடி கொடுத்தாலும் நடக்காது. ‘நட்சத்திரத்துக்கு உங்கள் பேர்’ என்று சான்றிதழ் விற்கும் தளங்கள் இருக்கின்றன. எங்கள் பங்காளி ஒருவர் கல்யாணப் பரிசாக அப்படி ஒன்று வாங்கிச் சட்டம் போட்டு முகப்பில் மாட்டியும் வைத்திருக்கிறார். அந்தப் பேர் அந்தச் சட்டத்துக்குள் மட்டும்தான் செல்லும். வானத்தில் பேரை ஏற்றுக்கொள்ளும் இடம் ஒன்றுதான், சர்வதேச வானியல் ஒன்றியம்; அதில் சிறு பொருட்களின் பேரைப் பார்ப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. அவர்கள் பேர் விற்பதில்லை.

இரண்டாவது, நம் வழக்கத்துக்கு நேர் எதிராக அங்கே பேர்தான் கடைசி. பிறந்த தேதி, ஜாதகம், பதிவு எண் எல்லாம் முடிந்த பிறகுதான் பேச்சே. ஒரு கல்லைப் புதிதாகப் பார்த்ததும் தற்காலிகமாக ஒரு குறியீடு தருவார்கள், அதுதான் அதன் விலாசம். உதாரணமாக ஏரிஸ் என்ற குறுங்கோளுக்கு (புளூட்டோ போல, கோள் என்று சொல்லாத பெரிய உருண்டை) முதலில் 2003 யுபி313 என்றுதான் பேர். வருஷம் புரிகிறது. வருஷத்தை 24 அரை மாதங்களாகப் பிரித்து ஆங்கில எழுத்து வரிசையில் ஆளுக்கொரு எழுத்து கொடுத்திருக்கிறார்கள், ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்று ‘ஐ’யை மட்டும் விட்டுவிட்டு. அப்படி எண்ணினால் ‘யு’ என்பது அக்டோபர் 16 முதல் 31 வரை. இரண்டாவது எழுத்து அந்த அரை மாதத்தில் எத்தனையாவது என்பது. அங்கேயும் ‘ஐ’ கிடையாது, ஆக 25 எழுத்து. 25 முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, எத்தனை சுற்று போயிற்று என்பதுதான் கடைசியில் வரும் எண். 313 சுற்றுக்கு 7,825, ‘பி’க்கு இன்னும் 2, மொத்தம் 7,827. அதாவது 2003 அக்டோபர் பின்பாதிக் கணக்கில் அது 7,827-வது உருப்படி. ஒரு தடவை பழகிவிட்டால் செய்தியில் 2024 ஒய்ஆர்4 என்று வந்ததும் ‘டிசம்பர் பின்பாதி, 117-வது’ என்று வாய் தானாகச் சொல்லும். ஆச்சி மகன் இதை இப்போது பந்தயம் கட்டி விளையாடுகிறான்.

அப்புறம் ஜாதகம், அதாவது சுற்றுப்பாதை. ஓர் இரவு பார்த்தால் போதாது. பூமியிலிருந்து நன்றாகத் தெரியும் பருவம் ஒவ்வொன்றிலும் மறுபடி மறுபடி பார்த்து, வழக்கமாக நாலு பருவமாவது அளந்து, இனிமேல் தொலைந்து போகாது என்று உறுதியான பிறகு நிரந்தர எண் தருவார்கள். இதற்குப் பல வருஷம் பிடிக்கும். எண் கிடைத்தவை 7 லட்சத்துக்கும் மேல், பேர் கிடைத்தவை 25,000 பக்கம்தான். பாக்கியெல்லாம் வெறும் நம்பரோடு சுற்றிக்கொண்டிருக்கின்றன.

எண் வந்ததும் பேர் முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு, 10 வருஷத்துக்கு. ஆனால் தன் பேரையே வைத்துக்கொள்வது மரபில்லை. அவர் சும்மா இருந்துவிட்டால் மற்றவர்கள் முன்மொழிய வழி திறக்கும். நம் விஸ்வநாதன் ஆனந்துக்கு அப்படித்தான் கிடைத்தது: 1988-ல் ஜப்பானியர் ஒருவர் கண்டுபிடித்துப் பேர் வைக்காமலே கிடந்த கல்லுக்கு 2015-ல் ‘விஷிஆனந்த்’ என்று வைத்தார்கள், எண் 4538. செல்லப் பேரையும் சொந்தப் பேரையும் ஒட்டி ஒரே சொல்லாக்கியது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி பேருக்கான விதிகள், பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம். ஆங்கில எழுத்தில் 16-க்குள் இருக்க வேண்டும், முடிந்தவரை ஒரே சொல், வாயில் நுழைய வேண்டும், யாரையும் புண்படுத்தக் கூடாது, ஏற்கெனவே இருக்கும் பேரை ஒத்திருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி மட்டும் செட்டிநாட்டில் இருந்திருந்தால் பாதிப் பேருக்குப் பேரே கிடைத்திருக்காது. எங்கள் முன்னோர் வந்த ஊர் என்று காவிரிப்பூம்பட்டினத்தை எழுதிப் பார்த்தோம், 18 எழுத்து, தேறவில்லை. பூம்புகார் என்றால் 9, தாராளம். பிள்ளையார்பட்டி 14, தப்பித்தது. இருக்கும் பேர்களைச் சிறுகோள் மையத்தின் தளத்தில் தேடலாம். விஞ்ஞானி சந்திரசேகர் பேரில் ‘சந்திரா’ (எண் 1958), ‘ராமானுஜன்’ (எண் 4130) இரண்டும் ஏற்கெனவே போய்விட்டன.

அரசியல் தலைவர்கள், படைத் தளபதிகள் என்றால் இறந்து 100 வருஷம் ஆக வேண்டும். காமராஜர் பேரை வைக்க ஆசைப்பட்டால் 2075 வரை பொறுங்கள். வளர்ப்பு நாய், பூனை பேர் வேண்டாம் என்கிறார்கள். 1971-ல் தான் கண்ட கல்லுக்கு ஒருவர் பின்னால் தன் பூனை பேரை வைத்துவிட்டதால் வந்த வினை. விளம்பரப் பேர் அறவே கூடாது, வியாபாரத்தில் ஜெயித்தார் என்பது மட்டுமே பெருமையாக இருந்தாலும் ஊக்குவிப்பதில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் வள்ளல் அழகப்பரைப் போன்றவருக்கு வியாபாரத்தைச் சொல்லத் தேவையே இல்லை. காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

எல்லாக் கல்லுக்கும் எல்லாப் பேரும் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் சாதாரணக் கல் என்றால் மனுஷர், ஊர், ஆறு எதுவும் வைக்கலாம். பூமிக்குப் பக்கத்தில் வருபவைக்குப் புராணப் பேர்தான், அபோஃபிஸ், பென்னு என்று. இதில் பென்னு என்பது அமெரிக்காவில் ஒரு 9 வயதுப் பையன் சொல்லி 2013-ல் போட்டியில் ஜெயித்த பேர். வியாழனின் பாதையிலேயே கூட வருபவைக்குப் பெரும்பாலும் டிராய் போர் வீரர்கள். நெப்டியூனுக்கு அப்பால் இருப்பவைக்கு வழக்கமாகப் படைப்புத் தெய்வங்கள், அதிலும் புளூட்டோ மாதிரிப் பாதை உள்ளவைக்குப் பாதாளத்துத் தெய்வங்கள். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா ‘நாமதான் வருஷா வருஷம் படைக்கிறோமே’ என்றார்கள். முன்னோருக்கு நாங்கள் போடும் படைப்பு வேறு, அவர்கள் கேட்கும் படைப்பு வேறு.

குறுங்கோள்களின் கதை இதைவிட ருசி. எங்கள் வீடுகளில் மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் அதே பேர் கொண்ட பையனை ராஜா, தம்பி என்று கூப்பிடுவார்கள் இல்லையா, மைக் பிரவுன் என்ற அமெரிக்க வானியலாளரும் அதைத்தான் செய்தார். ஏரிஸுக்கு வீட்டுப் பேர் ஸீனா, ஒரு டிவி தொடரின் வீராங்கனை. கிறிஸ்துமஸை ஒட்டிக் கண்டதால் ஹௌமியா ‘சாண்டா’, ஈஸ்டருக்கு மறுவாரம் அகப்பட்டதால் மேக்மேக் ‘ஈஸ்டர்பன்னி’, அதாவது ஈஸ்டர் முயல். முறைப்படி பேர் வைத்தபோது ஹௌமியா ஹவாய்த் தெய்வம், மேக்மேக் ஈஸ்டர் தீவின் தெய்வம். ‘பன்னி’ போனாலும் ஈஸ்டரை விடவில்லை பாருங்கள். ஏரிஸ் கிரேக்கர்களின் சண்டைமூட்டித் தேவதை. அது வந்துதானே 2006-ல் புளூட்டோவின் கோள் பதவி போயிற்று, சரியான பேர்.

அந்தப் புளூட்டோ பேரே ஓர் ஐயாவும் பேத்தியும் சேர்ந்து வைத்ததுதான். 1930 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டில் காலைச் சாப்பாட்டின்போது ஐயா ஃபால்கனர் மேடன் புதுக் கோள் செய்தியைப் பேப்பரிலிருந்து வாசிக்க, 11 வயது வெனிஷியா பர்னி ‘புளூட்டோ என்று வைக்கலாமே’ என்றாள். அவர் உடனே தெரிந்த வானியல் பேராசிரியரிடம் சொல்ல, அந்தக் கோளைக் கண்டுபிடித்த லோவல் ஆய்வகத்துக்குத் தந்தி பறந்தது. செவ்வாயின் நிலாக்களுக்கு ஃபோபோஸ், டைமோஸ் என்று சொன்னவர் இந்த ஐயாவின் அண்ணன் தம்பிகளில் ஒருவர். வம்சமே அப்படி.

நாட்டு ராஜாவைக் குளிர்விக்கப் பார்த்த கதையும் உண்டு. 1801 ஜனவரி 1 அன்று பலெர்மோவில் முதல் சிறுகோளைக் கண்ட பியாஸி, சீரிஸ் பெர்டினாண்டியா என்று பயிர்த் தெய்வத்தோடு தன் ராஜா பேரையும் சேர்த்து வைத்தார். மற்ற நாட்டார் ராஜாவைக் கழற்றிவிட்டார்கள், சீரிஸ் மட்டும் நின்றது.

நம்மால் கண்டுபிடிக்க முடியுமா என்றால், நம் மண்ணிலிருந்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். 1861-ல் மெட்ராஸ் வான் ஆய்வகத்திலிருந்து போக்சன் என்ற வானியலாளர் கண்ட 67-வது சிறுகோளுக்கு ‘ஏசியா’ என்றே பேர், ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் அது. மேலே சொன்ன ராமானுஜன் 1988 பிப்ரவரியில் காவலூர் வான் ஆய்வகத்தில் ராஜமோகன் என்ற வானியலாளர் கண்டது.

மொட்டைமாடித் தொலைநோக்கியை நம்பி இறங்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல வழி சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு. குழுவாகப் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. ஹவாயில் சில நிமிட இடைவெளியில் எடுத்த படங்களை அனுப்புவார்கள், அஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் அவற்றை மாற்றி மாற்றி ஓடவிட்டால் நட்சத்திரங்கள் நிற்கும், கல் மட்டும் நகரும். அதை அளந்து அறிக்கை அனுப்ப வேண்டும். கண்ணுக்கு நகர்வதெல்லாம் கல்லும் இல்லை, படத்துப் புள்ளிக் கோளாறு ஏராளம். உண்மையான கல்லே என்றாலும் எண் கிடைக்கும்வரை பேரைப் பற்றி ஊரில் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பேரோடு அது ஏன் என்று ஒரு குட்டிக் குறிப்பும் தர வேண்டும், இரண்டு மூன்று வரி. ஆச்சி மகன் முதலில் ‘நல்லவர், வல்லவர், எல்லோருக்கும் உதவியவர்’ என்று எழுதினான், அடித்துவிட்டேன். இரண்டாம் தடவை, பினாங்கில் கணக்கெழுதியவர், கப்பல் தளத்தில் படுத்து நட்சத்திரம் எண்ணியவர், பேரப்பிள்ளைகளுக்கு மொட்டைமாடியில் அதைக் காட்டிக் கொடுத்தவர் என்று எழுதினான். அதை அப்படியே விட்டிருக்கிறோம். வரி தயார், எழுத்தும் 16-க்குள் வருகிறது, கல்தான் இன்னும் கிடைக்கவில்லை.