பரவலை விவரிப்பது எப்படி: ஓல்ட் ஃபெய்த்ஃபுல் தரவை வைத்து ஒரு செய்முறை

"இந்தத் தரவின் பரவலை விவரி" என்று கேள்வி வந்தால் சராசரி, திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு) இரண்டையும் எழுதி முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அது போதாது. பரவல் என்றால் மதிப்புகள் எங்கெங்கே எவ்வளவு விழுகின்றன என்பது. வடிவம், மையம், விரிவு, விலகி நிற்கும் மதிப்புகள் ஆகிய நான்கையும் சொல்ல வேண்டும். வடிவத்தை முதலில் பாருங்கள். மற்ற மூன்றையும் எப்படிச் சொல்வது என்பதை அதுதான் முடிவு செய்யும்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் தரவை எடுத்துக்கொள்வோம். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) நிரல்மொழியோடு 'ஃபெய்த்ஃபுல்' என்ற பெயரிலேயே அது வருகிறது. தனியாக எதையும் இறக்க வேண்டாம். மொத்தம் 272 வரிசைகள். ஒவ்வொன்றிலும் ஊற்று பீறிட்ட நேரமும், அடுத்த பீறிடலுக்குக் காத்திருந்த நேரமும் நிமிடக் கணக்கில் இருக்கும். நமக்கு இப்போது காத்திருப்பு நேரம்.

படி 1: நிகழ்வுச் செவ்வகம் (ஹிஸ்டோகிராம்: ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை மதிப்புகள் என்று காட்டும் படம்) வரையுங்கள்

முதல் தடவை தரவை எக்செலிலோ லிப்ரேஆபிஸ் கால்க்கிலோ ஒட்டி, கவுண்டிஃப்ஸ் (நிபந்தனைக்குப் பொருந்துகிறவற்றை எண்ணும் சூத்திரம்) போட்டு நீங்களே எண்ணுங்கள். தானாக வரையும் சார்ட் வேண்டாம். பிரிவின் அகலத்தை அது தன் இஷ்டத்துக்கு வைத்துவிடும், சறுக்குவதும் அந்த இடத்தில்தான்.

அகலம் 20 வைத்தால் (சரியாக எல்லையில் விழும் மதிப்பு முந்தைய பிரிவில்):

40–60: 83
60–80: 105
80–100: 84

நடுவில் ஒரு மேடு, இருபுறமும் ஏறக்குறைய சமம். "சமச்சீரான, ஒரு முகடு கொண்ட பரவல்" என்று எழுதத் தோன்றும். முழுத் தவறு. அதே தரவை அகலம் 10 வைத்து எண்ணுங்கள்:

40–50: 26
50–60: 57
60–70: 24
70–80: 81
80–90: 78
90–100: 6

மேடு இருப்பதாக நினைத்த இடத்தில் பள்ளம் கிடக்கிறது! 60–70 என்ற பள்ளமும் 70–80 என்ற நெரிசலும் ஒரே செவ்வகத்துக்குள் போனதால் வந்த மயக்கம் அது. அகலம் 5 வைத்தால் இன்னும் தெளிவு: 65–70 பிரிவில் வெறும் 10 மதிப்புகள், 80–85 பிரிவில் 55. எந்தத் தரவானாலும் குறைந்தது மூன்று அகலங்களில் வரைந்து பாருங்கள். மிகக் குறுக்கினால் ஒவ்வொரு சிறு ஏற்ற இறக்கமும் முகடு மாதிரி தெரியும், அதையும் நம்ப வேண்டாம்.

படி 2: மையமும் விரிவும்

சராசரி 70.9, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 76. சராசரி குறைவாக இருப்பதால் "இடப்பக்கக் கோட்டம்" (இடப்பக்க வால் நீண்ட பரவல்) என்று எழுதிவிடாதீர்கள். அந்த விதி ஒரு முகடு உள்ள பரவலுக்குத்தான் பொருந்தும். இங்கே 70.9 விழுவது பள்ளத்தின் ஓரத்தில்; வழக்கமான காத்திருப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

கால்மானங்கள் (வரிசையில் கால், முக்கால் தூரத்தில் வரும் மதிப்புகள்) 58, 82. வீச்சு 43 முதல் 96 வரை. கால்மான இடைவெளி 24, அதை 1.5 ஆல் பெருக்கினால் 36. 58-லிருந்து அதைக் கழித்து, 82-ஓடு அதைக் கூட்டினால் எல்லைகள் 22, 118. வெளியே எதுவும் இல்லை, அதாவது அவுட்லையர் (விலகி நிற்கும் மதிப்பு) கிடையாது. 43, 58, 76, 82, 96 என்ற ஐந்து எண்களை வைத்துப் பெட்டிப் படம் (பாக்ஸ் பிளாட்) வரைந்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு முகடுகளையும் அது மறைத்துவிடும். பெட்டிப் படத்தை மட்டும் வைத்து வடிவத்தைப் பற்றி எழுதவே கூடாது.

படி 3: இரண்டு முகடு வந்தால் பிரியுங்கள்

3 நிமிடத்துக்கும் குறைவாகப் பீறிட்டவை 97. அவற்றுக்குப் பின் சராசரிக் காத்திருப்பு 54.5 நிமிடம். மற்ற 175-க்கு 80 நிமிடம். மொத்தமாக 13.6 இருந்த திட்ட விலக்கம், ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 6-க்கு இறங்கிவிடுகிறது. காரணமும் இருக்கிறது: சிறிது நேரமே பீறிட்டால் உள்ளே வெந்நீர் நிறைய மிஞ்சும், அடுத்ததற்குச் சீக்கிரம் தயாராகிவிடும்.

விடையை இப்படி எழுதலாம்: "272 காத்திருப்பு நேரங்களும் இருமுகட்டுப் பரவலாக, 43 முதல் 96 நிமிடம் வரை உள்ளன. ஒரு குழு 54 நிமிடத்தை ஒட்டியும், பெரிய குழு 80 நிமிடத்தை ஒட்டியும் திரள்கின்றன. இடையே 60–70-ல் பள்ளம். அவுட்லையர் இல்லை."

பின்சேர்க்கை: பைத்தானில் எண்ணியவர்களுக்கு மேலே உள்ள எண்ணிக்கைகள் ஒத்துவரவில்லை. சரியாக 60 என்ற மதிப்பை ஆர் 50–60 பிரிவில் சேர்க்கும். பைத்தானின் நம்பை (NumPy) நூலகம் 60–70-ல் சேர்க்கும், நம் பள்ளிக் கணக்கு போல. தரவு முழு எண் என்பதால் எல்லைகளை 40.5, 50.5, 60.5 என்று வையுங்கள். எந்த மென்பொருளிலும் ஒரே எண் வரும்.